உதவி மையம், மூன்றாவது மாடி

"ஏழாயிரத்து நானூற்று ஐம்பதுப்பா. கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. அஞ்சு மணியோட கவுன்டரை மூடிடுவாங்க," என்றாள் மகள்.

அவள் வாய் அப்பாவின் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் முதுகில் தொற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மூன்றாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியைக் கீழே காவலாளியிடம் விட்டிருந்தார்கள்.

"பத்து தடவை சொல்லிட்ட. மூட்டைன்னா பேசாம வரும்," என்றார் அவர் மூச்சிரைக்க. கிடங்கில் மூட்டை தூக்குவதுதான் அவர் வேலை.

"மூட்டைக்காவது கூலி தருவாங்க. எனக்கு யாருப்பா தருவா?"

"நீ பாஸ் பண்ணி வேலைக்குப் போ. வட்டியோட வாங்கிக்கிறேன்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிக்க மூச்சு மிச்சமில்லை.

அவளுக்கு வகுப்பு இரண்டாவது மாடியில். கிடங்கில் வேலை இல்லாத நாளில் அப்பா தூக்கிக்கொண்டு போய் விடுவார். மற்ற நாட்களில் கூடப் படிக்கிறவர்கள் தூக்கினார்கள், இரண்டு மாதம் வரைக்கும். அப்புறம் அவளைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். வருகை குறைந்துபோனது. குறைந்தால் அபராதம். அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கத்தான் இந்த ஏற்றம்.

மேலே வந்ததும் பலகை தெரிந்தது: 'மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம்.'

"இதைக் கொண்டாந்து இங்க வெச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா கால்லயே விழுந்துடலாம்," என்று முணுமுணுத்தபடி மகளை ஒரு நாற்காலியில் இறக்கினார்.

பெரிய மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி இருந்தார். கும்பிட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

"ரொம்ப வேர்த்திருக்கே. அந்த ஃபேனைப் போட்டுக்குங்க."

சுவிட்ச் அதிகாரிக்குத்தான் பக்கம். அப்பா சுற்றிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். வந்தவனிடமே வேலை வாங்குகிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மகள் சொன்னதையெல்லாம் அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார்.

"தள்ளுபடி பண்ற அதிகாரம் எனக்கில்லம்மா. மேலிடத்துக்கு எழுதினேன். விதியில இடமில்லைன்னுட்டாங்க."

"வகுப்பையாவது கீழ மாத்தித் தரலாமே சார்?"

"கேட்டேன். கீழ இருக்கிற அறையில படம் காட்டுற மெஷின் இல்லையாம்."

"அப்ப லிஃப்ட்?"

"ஒன்பது வருஷமா எழுதிட்டிருக்கேன். 'வர்றவங்க எப்படியோ ஏறி வந்துட்டுத்தானே இருக்காங்க'ன்னு பதில் வருது."

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எழுதினேன், கேட்டேன், சொல்லிட்டாங்க! இதுக்கா சார் சம்பளம் வாங்குறீங்க? ஃபேன் காத்துல உக்காந்து எழுதுறவருக்குப் படியைப் பத்தி என்ன தெரியும்? ஒருநாள், ஒரே ஒருநாள், எங்கள மாதிரி ஏறிப் பாருங்க!"

"அப்பா, சும்மா இருங்க!"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுவே அப்பாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இன்னொரு வழி இருக்கு," என்று அதிகாரி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். "படிப்பை விட்டு விலகுறேன்னு கையெழுத்துப் போட்டா டி.சி. தந்துடுவாங்க. அபராதம் தானா ரத்தாயிடும். போடச் சொல்லலம்மா. இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்றது என் கடமை."

"அதை நீங்களே வெச்சுக்குங்க!" என்றார் அப்பா. "கடனோ உடனோ வாங்கி..."

"இந்த அரை மணி நேரத்துலயா? யாருப்பா தருவா?" என்றாள் மகள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். "இந்த வருஷம் போனா போகட்டும் சார். அடுத்த வருஷம் எழுதிக்கிறேன். ஆனா விலகமாட்டேன். நாங்க கத்தினா யாரு காதுலயும் விழாது. நீங்க அதிகாரி. நீங்க சண்டை போட்டா அவங்க லிஃப்ட் போட்டுத்தானே ஆகணும்? போடுவீங்களா சார்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு பியூன் வந்தார். "கிளம்பலாமா சார்?"

"அஞ்சு நிமிஷம் பொறுப்பா. இவங்க போயிடட்டும்."

"இதை விட்டா எனக்கு பஸ் கிடையாது சார். நேத்தும் இப்படித்தான் சொன்னீங்க." பியூன் ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். மேசையைச் சுற்றிப் போய், அதிகாரிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. எனக்கு முட்டி சரியில்ல, நடுவுல ஒருதரம் இறக்கி வெச்சுத்தான் எடுப்பேன்."

யாரையும் பார்க்காமல் அதிகாரி நாற்காலியிலிருந்து அந்த முதுகுக்குச் சரிந்தார். பேண்ட்டுக்குள் இரண்டு கால்களும் துவண்டு தொங்கின.

அப்பாவின் பார்வை ஃபேன் சுவிட்சுக்குப் போனது.

"அந்தத் தாளை எடுங்கப்பா," என்றாள் மகள்.

அவள் கையெழுத்துப் போட்டு நீட்டியதை, பியூனின் முதுகில் இருந்தபடியே அதிகாரி வாங்கி, அதில் அபராதம் என்று எழுதியிருந்த ஏழாயிரத்து நானூற்று ஐம்பதை ஒரே கோட்டில் அடித்தார்.