ஜூலையில் எடுத்த படம்

கால் தரையில் பட்டதும் அவள் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது.

நோர்வே மொழியில்தான். அரை ஆயுள் அங்கே போயிருக்கிறது. திட்டுவதற்கு அந்த மொழிதான் முந்திக்கொண்டு வருகிறது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். மூச்சு விட்டால் புகை தெரிந்தது. படுக்கையறைக்குள்!

ஒஸ்லோவில் வெளியே பனி குவிந்து கிடக்கும். வீட்டுக்குள் கதை வேறு. தரைக்கடியில் சூடு ஓடும், மெல்லிய பருத்திச் சட்டையோடு நின்று தோசை சுடலாம். அவுஸ்திரேலியாவின் இந்தப் பேர்த் நகரத்து வீட்டில் சூடாக்க ஒன்றுமே இல்லை. கட்டினவனுக்கு வெயிலை மட்டும்தான் தெரியும் போல.

வந்தபோது தை மாதம். வெயில் கொளுத்தியது. நம்பிவிட்டாள்.

குளியலறையில் அவளுடைய மனுசன் பாடிக்கொண்டிருந்தார். பாட்டுக்கு நடுவே பல் கிடுகிடுத்தது.

"இதெல்லாம் ஒரு குளிரே? ஒஸ்லோவில இருந்த எங்களுக்கு!" காலையில் தவறாமல் சொல்வார். சாரமும் ஒரு பழைய பெனியனும்தான் உடுப்பு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். இன்று முடியவில்லை. போர்த்த ஏதாவது கிடைக்காதா என்று, அலுமாரிக்கு மேல் கிடந்த அவருடைய பெட்டியை இழுத்து இறக்கினாள். பழைய சாமான் என்று சொல்லியிருந்தார்.

திறந்ததும் பூச்சி உருண்டை வாசம்.

அவருடைய கறுப்புக் கோட். கம்பளிக் காலுறைகள். உள்ளே போடுகிற கம்பளிச் சட்டை. எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

புறப்படுமுன் அவளுடைய குளிர் உடுப்பையெல்லாம் அள்ளிக் கொடுக்கச் சொன்னது யார்? இதே மனுசன். "அங்க இதுகள் என்னத்துக்கப்பா? வீண் சுமை." அவளும் கேட்டாள். எத்தனையோ பனிக்காலம் தன்னைக் காத்த நீலக் கோட்டை, ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்து சேர்ந்த பாமினிக்குத் தன் கையாலேயே போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

கோட்டோடு போனது ஒன்றா இரண்டா? முதியோர் இல்லத்து வேலை போனது. வேலை முடிந்தும் பேருந்துத் தரிப்பில் நின்று கதைக்கிற சிநேகிதிகள் போனார்கள். தட்டுத் தடுமாறிப் படித்த மொழி, இங்கே திட்டுவதற்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"குளிர் இல்லாத ஊர். எல்லாம் உம்மட முழங்கால் நோவுக்காகத்தான்" என்று அப்போது கண் கலங்கச் சொன்னார். இவருக்கு என்மேல் இவ்வளவு பட்சமா என்று அவளும் உருகிப் போனாள்.

இப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது.

முந்தின வருடம் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம், இதே ஊரில். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் மட்டும் வந்தார். வந்து ஒரு படம் அனுப்பினார். அண்ணன் வீட்டு முற்றம், கண் கூசும் வெயில், அரைக்கைச் சட்டை. "பாரும், என்ன வெயில் எண்டு!" வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினாள்.

ஜூலையில் எடுத்த படம்.

ஒஸ்லோவில் ஜூலை என்றால் கோடை. அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

இங்கே ஜூலை குளிர்காலம். இப்போது நடக்கிற இதே மாதம்தான். இதே குளிர்தான். மத்தியானம் வெயில் எறித்த நேரம் பார்த்து முற்றத்தில் போய் நின்றிருக்கிறார். காலையெல்லாம் நடுங்கியிருப்பார். நடுங்கி, தெரிந்துகொண்டு, திரும்பி வந்து, தன் பெட்டியை மட்டும் கவனமாக அடுக்கியிருக்கிறார்.

அண்ணனுக்குப் பக்கத்தில் இருக்க ஆசை என்றால் சொல்லியிருக்கலாம். ஐயோ, சொல்லியிருந்தால் வந்திருப்பாளே! அவளுடைய முழங்காலை ஏன் இழுத்தார்?

இழுத்தவருக்கு அந்தக் கோட்டும் உதவவில்லை. வெளியே எடுத்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் பெட்டியை மேலே வைத்துவிட்டு, அவரும் தினம் தினம் நடுங்கிக்கொண்டு பாடியிருக்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கோட்டைப் போட்டுக்கொண்டாள். கைகள் விரல் நுனிவரை மூடின. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வாசலில் நிற்கும் காரில் காலை வெயில் நேராக விழும். இந்த வீட்டில் சூடான அறை அதுதான் என்று குளிர் தொடங்கிய அன்றே கண்டுபிடித்திருந்தாள். உள்ளே உட்கார்ந்து கதவைப் பூட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் தேடிக்கொண்டு வந்தார். ஈரத் தலை. அதே சாரம், அதே பெனியன்.

கோட்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

பிறகு இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிட்ட வந்தார். கண்ணாடியில் தட்டினார்.

அவள் ஒரு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கினாள். அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஒரு 'ஓம், குளிருது' போதும் என்று நினைத்தாள். ஒரேயொரு ஓம். கதவைத் திறந்துவிடலாம், கோட்டையும் கழற்றிக் கொடுத்துவிடலாம்.

"குளிருதோ?" என்று கேட்டாள்.

அவர் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இல்லையப்பா" என்று சிரித்தார்.

அவள் கண்ணாடியை ஏற்றினாள்.