மாப்பிள்ளைக்கு மட்டும் பந்து கொடுக்காதே

"இந்த மேட்சுக்கு நம்ம மாப்பிள்ளைதான் ஸ்ட்ரைக்கர்" என்று கோச் அறிவித்ததும், பெயிண்ட் கம்பெனி டீம் மொத்தமும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரைத் திரும்பிப் பார்த்தது.

பல வருஷமாக அது அவருடைய இடம். போன மாதம்தான் கோச்சின் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் மாப்பிள்ளைக்குப் பேக்கிங்கில் வேலை, டீமில் இடம். சொந்தக்காரன் என்றால் சும்மாவா?

அதுவும் எந்த மேட்ச்? பிளைவுட் கம்பெனியோடு மோதுகிற மேட்ச். இதில் தோற்றால் டீமைக் கலைத்துவிட்டு மைதானத்தில் குடோன் கட்டப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளைக்கும் பந்துக்கும் ஏழாம் பொருத்தம். பயிற்சி முழுக்க கேட்டைப் பூட்டிக்கொண்டுதான் நடந்தது. மானம் போகக் கூடாதே என்று கோச் பூட்டுவதாக எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் வெளியே அவர் வாய் ஓயவில்லை. இரண்டு கம்பெனிக்கும் பொதுவான சலூனில் உட்கார்ந்து, தன் மாப்பிள்ளை ஊரில் கோலாகப் போட்டுத் தள்ளியவர் என்று அளந்தார். வாரம் தவறாமல் முடிவெட்டப் போனார். வெட்டுகிற அளவுக்கு அவர் தலையில் ஒன்றும் கிடையாது.

"பொண்ணைக் கொடுத்தாச்சு, இனிமே பெருமை பேசித்தானே ஆகணும்" என்றார் கோல்கீப்பர். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மேட்ச் அன்று கோச் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ பின்னாலேருந்து ஏறி வா. மாப்பிள்ளைக்கு மட்டும் பந்து கொடுக்காதே. மத்தவங்ககிட்டயும் சொல்லிடு."

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பந்தே கொடுக்கக் கூடாதுன்னா அவரை எதுக்கு சார் இறக்கறீங்க?"

"அவர் ஓடட்டும்."

ஓடினார். "எனக்கு, எனக்கு" என்று கையைத் தூக்கிக்கொண்டு வலது மூலைக்கு ஓடினார். திரும்பி வந்து இடது மூலைக்கு ஓடினார். பஸ்ஸை விட்டுட்டாரா என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. பிளைவுட்டின் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சிரைக்க அவர் பின்னாலேயே அலைந்தார்கள்.

கோல் விழாமலே ஆட்டம் முடிகிற நேரம். மாப்பிள்ளை மறுபடியும் வலது மூலைக்குப் பாய்ந்தார். அந்த இருவரும் கூடவே போனார்கள். டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். கோலுக்கு முன்னால் ஒரு லாரியைத் திருப்புகிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பந்து அவர் காலுக்கு வந்தது. இவ்வளவு சுலபமாக அவர் ஒரு கோலும் போட்டதில்லை.

முதலாளியே மைதானத்துக்குள் ஓடி வந்து டிரைவரைக் கட்டிக்கொண்டார். குடோன் பேச்சு அன்றோடு ஒழிந்தது.

கூட்டம் கலைந்ததும் டிரைவர் மாப்பிள்ளையைத் தேடிப் போனார். புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவரோடு பிளைவுட் ஆட்கள் இருவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். சலூனில் எல்லாம் கேள்விப்பட்டோம், உங்களை ஒரு நிமிஷம் விட்டாலும் கதை முடிந்தது என்றுதான் கூடவே ஓடினோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊர்ல நெஜமாவே எவ்வளவு கோல் போட்டீங்க?"

"ஊர்ல நான் ஓட்டப்பந்தயம்தாங்க ஓடினேன். பந்து கால்ல பட்டதே இங்க வந்தப்புறம்தான்."

டிரைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எங்ககிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? முதுகுக்குப் பின்னால என்னெல்லாம் பேசிட்டோம்."

"ஒருத்தர்கிட்ட சொன்னா சலூன் வரைக்கும் போயிடுமே" என்று மாப்பிள்ளை சிரித்தார். "அதான், 'மாப்பிள்ளை, திட்டெல்லாம் உங்களுக்கு, கோல் டிரைவருக்கு, சம்மதமா'ன்னு மாமா முதல் நாளே கேட்டுட்டார்."