அதே கசாயம்

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில், காட்டுக்குள் இருந்த தோட்டத்துக்குப் பெமிலா வந்து சேர்ந்தபோது, அவள் கணவன் ஷாஜனின் சவப்பெட்டிக்காக அவனுடைய தம்பிகள் நான்கு பேரும் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தோட்டத்து அயனி மரம், மக்கா" என்றார் மாமனார் சத்தியநேசன். "உப்பைத் தவிர எதையும் கடையில வாங்காத குடும்பம். பெட்டியை மட்டும் வாங்குவோமா?"

அவளுக்கு அழுகை வரவில்லை. தங்கையின் பிரசவத்துக்குக் கொட்டாரம் போய்விட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"காய்ச்சல்தானே மாமா? ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டு போகல?"

"இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்ங்கிற என் வைராக்கியத்தை விட்டுட்டுக் கூப்பிட்டேம்லா! படகும் ரெடியா நின்னுது. அவன்தான் வரமாட்டேன்னுட்டான்."

மாமியார் தங்கபாய் மூக்கைச் சிந்தினாள். "'போன மாசம் நீ சாகக் கிடந்தே. அப்பா கசாயத்துல எழும்பி உக்காரலியாம்மா? எனக்கும் அது போதும்'னு சொன்னான் மக்கா. அதே பச்சிலை, அதே கசாயம். எனக்குக் கேட்ட மருந்து என் பிள்ளைக்கு ஏன் கேக்கல?"

ரம்பச் சத்தம் தொடர்ந்தது.

"மழையில நனஞ்சு வந்திருக்கே. நீயும் ஒரு மடக்கு குடி" என்று சத்தியநேசன் டம்ளரை நீட்டினார்.

பெமிலா வாங்கிக் குடித்தாள். அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உப்புப் போட்டுவைத்த பீங்கான் பரணிக்குப் பின்னால் கையை விட்டாள்.

குலசேகரம் டாக்டரிடம் சொல்லி வாங்கி வந்து, போன மாதம் மாமியாரின் கசாயத்தில் வேளை தவறாமல், ஷாஜனுக்குக்கூடத் தெரியாமல் அவள் பொடித்துக் கலந்த மாத்திரைகளில் மிச்சம் அங்கேயே இருந்தது.