தகர மறைப்பு

காலை ஆறு மணிக்கு, பதினோரு தகரத் தகடுகளோடு வேனில் வந்து இறங்கினான் தீப்பொறி. வெல்டருக்குச் சந்துக்காரர்கள் வைத்த பெயர் அது.

சந்து முனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்த அவன் அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். கூடப் பிறந்தவனே கண்ணெதிரில் வீடுகளைத் தகரத்தால் அடைக்க வந்திருக்கிறானே!

அடுத்த மாதம் விளையாட்டுப் போட்டி. அரங்கத்துக்குப் போகும் வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் ஏழை வீடுகள் படக்கூடாதாம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகளைப் போன வாரமே தரைமட்டமாக்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்துக்குத் தகரம்.

"ஏண்டா, மூடி வைக்க நாங்க என்ன சீக்குப் பிடிச்சவங்களா?"

"தள்ளி நில்லுக்கா. கண்ணுல பொறி படும்."

அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் திறந்தார்கள். கூலி கிடைத்தால் பெற்ற தாயையே பூட்டி வைப்பான் என்றார் பழக்கடைக்காரர். குழாயடியில் அவன் குடத்தைப் பின்னால் தள்ளினார்கள். அக்கா சோறு போடுவதை நிறுத்தினாள்.

தகரம் மறைத்து வெளிச்சம் போய், வாடிக்கையும் போனதும், அவள் நேராக மாநகராட்சி ஆபீசில் என்ஜினீயர் முன்னால் போய் நின்றாள்.

"அந்தத் தகரத்தை எடுக்கச் சொல்லுங்கய்யா. இல்லேன்னா நாங்களே பிடுங்கிப் போட்டுடுவோம்."

என்ஜினீயர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பிடுங்கினா மறுநாளே இடிக்கிற மெஷின் வரும்மா. உங்க பக்கத்தையும் இடிக்கத்தான் உத்தரவு. இந்த ஜன்னலுக்குக் கம்பி வைக்க வந்த உங்க தம்பி காதுல அது விழுந்துடுச்சு. 'இடிக்காதீங்க சார், மறைச்சாப் போதுமே, நானே முடிச்சுத் தரேன்'னு ஒத்தைக் கால்ல நின்னான். என் யோசனைன்னு சொல்லித்தான் மேலே சம்மதம் வாங்கினேன். போட்டி முடியறவரைக்கும் மூச்சு விடாதேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்."

"முடிஞ்சப்புறம்?"

"அப்புறம் உங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"அது போதும்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மத்தியானம் தகரத்துக்குப் பக்கத்தில் தட்டோடு வந்து நின்றாள்.

"கோபம் போயிடுச்சாக்கா?"

"பேசாம தின்னுடா."

போட்டி முடிந்து தகரத்தைக் கழற்றிய பிறகுதான் அவள் சந்தில் விஷயத்தை உடைத்தாள்.

மார்ச் இருபதாம் தேதி, நகரத்தை அழகாகக் காட்டியதற்காக என்ஜினீயருக்குப் பாராட்டு விழா நடந்தது. வீட்டுக்கு ஒருவராகச் சந்தே போயிருந்தது. அவர் கேடயம் வாங்கியபோது எல்லோரும் பின்வரிசையில் இருந்த வெல்டரைப் பார்த்துக் கைதட்டினார்கள். கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்ஜினீயரும்.