இருள்முழை

மகாதேவி கையிலிருந்த பூண்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். பற்கள் நாற்புறமும் தெறித்தன.

"மதியம் மூணு மணியிலிருந்து கோட்டையில எந்த இடத்துக்கும் எழுத்து இருக்காது. இனி எல்லாம் படம்தான்!" என்று ஞானவேல் அறிவித்திருந்தான். குறிஞ்சிக்கோட்டை என்ற இணைய விளையாட்டைப் படைத்தவன் அவன்.

குறிஞ்சிக்கோட்டை சொல்லால் மட்டுமே எழுந்த மலை. ஆடுவோர் அவரவர் ஊரிலிருந்து கைபேசியில் ஏவற்சொல் தட்டுவார்கள். 'நட' என்றால் நடக்கலாம். 'பார்' என்றால் நிற்கும் இடம் வரிவரியாக விரியும்: மிளகுக்கொடி தழுவிய பாறை, அதன் இடுக்கில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு ஒழுகும் சுனை, தேன் எடுத்தவன் மறந்து போன கயிறு.

கூக்கால் என்னும் ஊரில் பூண்டு விதைக்கும் வீட்டில் அவள் மகாதேவி. அந்த மலையில் அவள் பெயர் கொடிச்சி.

அங்கே இருள்முழை என்றொரு குகை உண்டு. அதனுள் எந்தப் பந்தமும் எரியாது. 'பார்' என்றால் 'இருள்' என்ற ஒற்றைச் சொல்லே வரும். கொடிச்சிக்கோ அதன் திருப்பமெல்லாம் மனப்பாடம். ஆகவே குகை வாயிலுக்கு வந்தவர் எல்லாரும் ஒரே ஏவலைத் தட்டுவார்கள்: கைபிடி. மதயானையை வீழ்த்திய வீரனும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுபுறம் போனான்.

அவர்கள்தாம் இப்போது ஆரவாரித்தார்கள்.

"சூப்பர்ண்ணே! வாசிச்சு வாசிச்சுக் கண்ணே போச்சு" என்று எழுதினான் ஒருவன்.

"வேண்டாம்" என்று எழுதினாள் கொடிச்சி. "சொல்லில் ஆளுக்கொரு சுனை இருந்தது. படத்தில் ஞானவேலின் சுனை ஒன்றே இருக்கும்."

"புலவரம்மாவுக்குக் கோவம் வந்திருச்சு டோய்!" இது பொன்னுவேல்; நாள்தோறும் அவள் கையைப் பிடித்துக் குகை கடப்பவன். "கவலைப்படாதீங்கக்கா, இனிமே ஒங்களுக்கும் சோலி மிச்சம். நாங்களே கண்ணால பாத்துப் போயிக்கிடுவோம்."

அவள் செந்தமிழ் கழன்று விழுந்தது. "ஏலே பொன்னுவேலு, ஒன்னைய அந்த முழைக்குள்ளயே விட்டுட்டு வந்திருக்கணும்லே."

"விட்டுத்தான் பாரேன், ஏ கொடிச்சி!" அவனும் மல்லுக்கு நின்றான்.

ஞானவேல் குறுக்கிட்டான். "சண்டை வேணாம். கொடிச்சி, உருப்படியா ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நிறுத்திடுறேன்."

அவளிடம் காரணம் இருந்தது. சின்னஞ்சிறு வரி. தட்டினாள். அனுப்பவில்லை. அழித்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி அழித்தாள்.

அந்த வரியை அறிந்தவர் எவரும் அதன்பின் அவளோடு சண்டையிட்டதில்லை. குரல் குழைந்துவிடும். பள்ளியில் ஆசிரியை அப்படித்தான் குழைந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் குழைந்து, காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

இந்த மலையில் மட்டுமே அவளை வைதார்கள். வம்புக்கு இழுத்தார்கள், ஏய்த்தார்கள், முதுகில் குத்திவிட்டு ஓடினார்கள். அவளும் விரட்டிச் சென்று வெட்டினாள்.

இரங்கிக் கொடுத்த மலை அவளுக்கு வேண்டாம்.

"காரணமெல்லாம் கெடையாது. எனக்குப் பிடிக்கல" என்று அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்தாள். பூம்பாறை வேலப்பர் மேல் ஆணை, அழமாட்டாள்.

கதவு கிறீச்சிட்டது. அண்ணன் மனைவி சின்னத்தாயி உள்ளே நுழைந்தாள். நுழைந்த வேகத்தில் பூண்டுக் கூடையில் இடித்துக்கொண்டாள்.

"ஆத்தீ! கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சு, பனி வேற அப்பிக் கெடக்கு. எனக்குக் கண்ணே தெரியல, மகா. அந்த டார்ச்சை வெரசா எடு."

கரண்டு போனதை மகாதேவி அறிந்திருக்கவில்லை. பிறந்த நாள் முதல் அவளுக்கு விளக்கும் பனியும் ஒன்றே. தேடாமல் துழாவாமல் மாடத்திலிருந்த டார்ச்சை எடுத்து நீட்டினாள்.

தான் தட்டித் தட்டி அழித்த வரியை மதினி எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள்!

மணி மூன்றானது. இதுநாள்வரை அந்த மலையை வரிவரியாக அவள் காதுக்குள் படித்துச் சொன்ன கைபேசிக் குரல் காத்திருந்தது. 'பார்' என்று தட்டினாள்.

"படம்" என்றது குரல்.

சுனைக்கு நடந்தாள். பார்.

"படம்."

மனம் பழகிய வழியே இருள்முழைக்குள் புகுந்தாள். அங்கேயும் படம். ஆடுவோரின் பேச்சும் செயலும் மட்டும் இன்னும் எழுத்தாகவே வந்தன. குரல் அவற்றைப் படித்தது.

"அக்கா, உள்ள வந்து மாட்டிக்கிட்டேன்." பொன்னுவேல். "படம் பூராவும் கருப்பாக் கெடக்கு. கண்ணே தெரியலக்கா."

அதே வரி.

பொன்னுவேல் உன் கையைப் பிடிக்கிறான், என்றது குரல்.

பிடித்த கையை விலக்கவும் அங்கே ஓர் ஏவல் உண்டு. அவள் அதைத் தட்டியதே இல்லை.

உதறு.

"அடிப்பாவி! நீயெல்லாம் ஒரு மனுசியா?" என்று தொடங்கினான் பொன்னுவேல். அவனுக்குப் பின்னால் குகைக்குள் முட்டிக்கொண்டு நின்ற கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஏற்றமும் இறக்கமும் அறியாத கைபேசிக் குரல் ஒரு வசையையும் விடாமல் படித்தது.

அதில் எங்குமே குழைவு இல்லை.

மகாதேவி தெறித்த பூண்டுப் பற்களைத் தரையில் தடவிப் பொறுக்கிக்கொண்டே, ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்டாள்.