கைராசிக்காரி

“முட்டி வலி எப்படிம்மா இருக்கு?” என்றபடியே சீனி முகம்மது பாயில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் இருந்த கடிதம் நெஞ்சில் குத்தியது.

“அது போயி ரெண்டு வருசம் ஆச்சுலா அண்ணே. அந்த நாலு மாசந்தான் வாசல் தாண்ட முடியாமப் படுத்திச்சு,” என்றாள் ஹாஜரா, ஊசியில் நூலை நுழைத்துக்கொண்டே.

கப்பித்தான் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்த நிக்காஹ் என்றாலும், மணமகள் கழுத்தில் ஏறும் கருகமணியை அவள்தான் கோப்பாள். புருஷன் உயிரோடு இருப்பவள்தான் அதைத் தொடவேண்டும் என்பது ஊர்க்கட்டு. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்பார் பள்ளிவாசல் லெப்பை. அவர் மருமகளுக்கும் இவள்தான் கோத்தாள்.

ஹாஜராவின் கணவன் ஹபீப் முகம்மது ரங்கூனுக்குப் பிழைக்கப் போய் ஆறு வருசம். இந்த மணிகள்தான் அவளுக்குச் சோறு.

கடிதம் அன்று காலைக் கப்பலில் வந்தது. ‘ஹபீப் முகம்மது மௌத்தாகிவிட்டார். வீட்டில் பக்குவமாகச் சொல்லவும்.’ என்றைக்கு என்றுகூட எழுதவில்லை.

சொன்னால் அவள் நாலு மாதம் பத்து நாள், கணவனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்துவிடுவாள். சீனி முகம்மதுவின் மகள் சுலைஹாவுக்கோ நாளைக்கு நிக்காஹ். சீனி முகம்மது வழியிலேயே ஒரு சட்டம் கண்டுபிடித்திருந்தார்: சேதி காதில் விழும்வரை அவள் வாழ்வரசிதான். நாமாக இருந்தாலும் அதையேதான் கண்டுபிடித்திருப்போம். இவ்வளவு வேகமாக என்பதுதான் சந்தேகம்.

“கொஞ்சம் வெரசாக் கோத்துடும்மா.”

“சபார்லா அண்ணே, பொறுங்க! கழுத்துல கட்டிக்கப் போறது சுலைஹாவா, நீங்களா?”

அவர் சிரித்தார். அது இருமல் மாதிரி வந்தது. “உன் கைராசி அப்படி. மூத்தவ சலேஹாவுக்குப் போன வருசம் நீதானே கோத்தே? பாரு, ரெட்டை ஆம்பளப் புள்ள!”

“அல்லா குடுத்தது,” என்றாள், முகத்தைத் தூக்காமல்.

கறுப்பு மணிகள், நடுவே பவளம், மறுபடி கறுப்பு. கடைசி முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்தாள். அவர் அதைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பு வாரில் பத்திரமாகச் செருகினார். பத்திரப்படுத்திய பிறகுதான் மனசு அறுத்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“தங்கச்சி… மனசைத் திடப்படுத்திக்க. ரங்கூன்லேருந்து…” கடிதத்தை நீட்டினார். அழுதது அவர்தான்.

அவள் பிரிக்கவில்லை. மணிப்பெட்டிக்கு அடியில், ஒரு பழைய கடிதத்தோடு சேர்த்துச் செருகினாள். முக்காட்டை இழுத்துத் தன் கழுத்துக் கருகமணியை மூடிக்கொண்டாள்.

“காலையில வந்த கப்பல். இப்ப சாயங்கால அஸர் பாங்கும் சொல்லியாச்சு. கோத்து முடியட்டும்னு பையிலயே வெச்சிருந்தீங்களா அண்ணே?”

அவர் கை இடுப்பு வாரைப் பொத்தியது.

“சரி, விடுங்க. யாருட்டயும் சொல்லிடாதீங்க. அடுத்த வாரம் லெப்பை மகளுக்குக் கோக்கணும்.”

“அடுத்த வாரமா? என்னம்மா பேசுற! நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கணுமே, அது…”

“இருந்து முடிச்சுட்டேன்,” என்று பெட்டியை மூடினாள். “அது முட்டி வலி இல்லண்ணே.”