ஐந்தாம் நம்பர் பெட்டி

"ஒலியை நிறுத்தியாச்சு. இன்னும் அஞ்சாம் நம்பர் பேசிட்டே இருக்கே. உள்ளே பேட்டரி ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் மீன் பண்ணை மேலாளர்.

படகில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

ஏரியின் அடியில் அவள் உருவாக்கிய பன்னிரண்டு பெட்டிகள். தண்ணீரின் சூட்டை அளந்து சொல்பவை. பேட்டரி கிடையாது, வயரும் கிடையாது. படகிலிருந்து அனுப்பும் ஒலியையே மின்சாரமாக்கிக்கொண்டு பதில் சொல்லும். ஒலி நின்றால் அவையும் வாயை மூட வேண்டும். மூன்று வருட உழைப்பு. இன்றைய சோதனையில் தேறும் என்று காலையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தாள்.

பதினொன்று மூடிவிட்டன.

பெட்டிகளை அடியில் இறக்கியவன் அவள் அண்ணன். முழுகினால் லேசில் மேலே வராததால் பண்ணையில் அவனுக்கு 'ஆமை' என்று பெயர். பழைய பெட்டிகளுக்கு மாதாமாதம் முழுகிப் பேட்டரி மாற்றுவதுதான் அவனுக்குச் சோறு போடும் வேலை. புதுசு வந்தால் அந்த வேலை போய்விடும். ஒரு மாதமாகத் தங்கையிடம் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சொந்த அண்ணனே வேட்டு வெச்சிட்டாரா?" என்று மேலாளர் முணுமுணுத்தார். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

"அதை மேல எடுத்துட்டு வாண்ணா."

அவன் தண்ணீரில் குதித்தான். கொண்டுவந்த பெட்டியோடு சேர்த்து, அதே இடத்துக்கான பழைய பேட்டரிப் பெட்டி நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. அவள் அதை அறுத்தெறிந்துவிட்டு, புதுசை மட்டும் மறுபடி இறக்கச் சொன்னாள்.

படகிலிருந்து ஒலியை அனுப்பினார்கள். ஐந்து பேசியது. ஒலி நின்றது. ஐந்தும் அடங்கியது. மேலாளர் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

கரைக்கு வந்ததும் அவள் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மாட்டிவிடத்தானே கட்டின?"

"அந்த எடத்துல சேறு ஜாஸ்தி, ஒலி எட்டுமோ எட்டாதோன்னு அண்ணிகிட்ட சொல்லி அழுதியே. உன்னோடது பேசலைன்னா இதாவது பேசட்டும்னு கட்டினேன். ஒலி நின்னா வாயை மூடணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நாமதான் பேசிக்கலையே."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது ஜெயிச்சா உன் வேலை போயிடும்ணா."

அண்ணன் தலையைச் சாய்த்துக் காதிலிருந்த தண்ணீரைத் தட்டினான்.

"வேலையை வேற எங்கயாவது தேடிக்கலாம். நாலு பேர் முன்னாடி நீ தலைகுனிஞ்சா, அதை நான் எங்க போய் நிமித்தறது?"